நிறுத்தும் கை, அனுப்பும் கை: வாசகர் கேள்வி – பதில்

சாலைச் சந்திப்புகளில் கையால் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் சாலைகளை மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். வலப்பக்கம் ஓடும் நாடுகளில் இடம், வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கே: புதிதாகப் போக்குவரத்துப் பணிக்கு வந்திருக்கிறேன். கை காட்டினாலும் வண்டிகள் நிற்பதில்லை. ஒருவர் நின்றால் பக்கத்து லேனில் வருபவர் போய்விடுகிறார். எங்கே தப்பு?

ப: பெரும்பாலும் அவசரத்தில்தான். நிறுத்துவது ஒரே வீச்சில் முடிகிற காரியம் அல்ல. அதற்கு மூன்று அசைவுகள் உண்டு.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். நிறுத்தக் கோட்டை நெருங்கிவிட்டவரை விட்டுவிடுங்கள். பதறாமல் நிற்க இடம் உள்ள முதல் வண்டிதான் உங்கள் வண்டி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் பார்த்துச் சுதாரிக்க ஒன்றரை விநாடி, பிறகு நிதானமாகப் பிரேக் பிடிக்கும் தூரம் என்று கணக்குப் போட்டால், நிற்பதற்குள் சுமார் 37 மீட்டர் ஓடியிருக்கும். 20 மீட்டரில் வருபவரை மறித்தால் அவர் சந்திப்புக்குள் வந்து நிற்பார், அல்லது பின்னால் வருபவர் அவர் மேல் மோதுவார். மழை என்றால் இன்னும் தள்ளி இருப்பவரைப் பிடியுங்கள். சுமை ஏற்றிய லாரிக்கு அதைவிடவும் தள்ளி.

இரண்டாவது, அந்த ஓட்டுநரை முழுக் கையையும் நீட்டிச் சுட்டி, அவர் முகத்தைப் பாருங்கள். அவர் பார்த்துவிட்டாரா என்பதை அவர் வண்டியே சொல்லும்: பிரேக்கில் கால் பட்டதும் காரின் மூக்கு லேசாகத் தாழும். அது தாழும் வரை சுட்டிய கை அசையக் கூடாது. மூன்றாவதாகத்தான் மணிக்கட்டை நிமிர்த்தி உள்ளங்கையைக் காட்ட வேண்டும். கை தோளுக்குச் சற்று மேலே, விரல்கள் சேர்ந்து, முழங்கை மடங்காமல் இருக்கட்டும். புதியவர்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக உள்ளங்கைக்குப் போய்விடுகிறார்கள். அப்போது அந்தக் கை யாருக்கென்று யாருக்கும் தெரிவதில்லை. வருகிற ஒவ்வொருவரும் பின்னால் வருபவருக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து லேன்காரர் போய்விடுவதற்கும் இதே காரணம்தான். லேனுக்கு ஒருவரைத் தனித்தனியாகச் சுட்ட வேண்டும். ஒரு பக்கம் நின்றதும் அந்தக் கையை இறக்காமல், தலையை மட்டும் திருப்பி, எதிர்ப்பக்கத்தை மறு கையால் இதே முறையில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் நின்ற பிறகுதான் கைகள் இறங்கலாம். பாதியில் இறங்கிய கையை முதல் பக்கத்தில் காத்திருப்பவர் ‘போகலாம்’ என்று படிப்பார்.

அனுப்புவது இதைவிட எளிது. போக வேண்டிய வண்டிகளுக்கு உங்கள் தோள்பக்கம் தெரியும்படி திரும்பி நில்லுங்கள். முதல் வண்டியைச் சுட்டி, அவர் கவனித்ததும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை மட்டும் மடக்கி முகவாய்க்கு நேரே கொண்டுவாருங்கள். முழுக் கையையும் சுழற்ற வேண்டாம். தோள் சீக்கிரம் ஓய்ந்துவிடும், சைகையும் தெளிவாக இருக்காது. முதல் நாலைந்து வண்டி நகர்ந்துவிட்டால் மற்றவை தாமாகவே வரும். கையைச் சும்மா வைத்திருக்கலாம். ஓயாமல் கை வீசிக்கொண்டே இருப்பவரின் சைகைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

கே: சிக்னலில் பச்சை எரிகிறது. காவலர் கை காட்டி நிறுத்துகிறார். எதைக் கேட்பது?

ப: கையை. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே இதைச் சொல்கிறது: போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரியின் ஆணை, விளக்குக்கும் பலகைக்கும் சாலைக் கோட்டுக்கும் மேலானது. சிவப்பில் அவர் ‘வா’ என்றாலும் போக வேண்டியதுதான். ஆனால் அவர் கூப்பிட்டது உங்களைத்தானா என்று பார்த்துவிட்டு, மெதுவாக.

கே: நடுவில் நிற்கும் காவலர் எந்தக் கையும் காட்டாமல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் போகலாமா?

ப: கூடாது. அவர் மார்பும் முதுகும் சுவர், தோள்பக்கங்கள் வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நின்றால், கைகள் காட்டும் திசையில் ஓடுபவர்கள் போகலாம். அதற்குக் குறுக்கே வருபவர்கள் நிற்க வேண்டும். ஒரு கை மட்டும் செங்குத்தாக மேலே உயர்ந்தால் எல்லாப் பக்கத்துக்கும் நிறுத்தம். ஏற்கெனவே சந்திப்புக்குள் இருப்பவர்களும், பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டவர்களும் மட்டும் கடந்து போய்விடலாம். மேற்சொன்ன உடன்படிக்கையில் உள்ள அடிப்படைச் சைகைகள் இவை. நாட்டுக்கு நாடு கூடுதலாகச் சில சைகைகள் உண்டு.

கே: ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் விடுவது? எங்கள் சந்திப்பில் ஒருவர் ஐந்து நிமிடம் விடுகிறார், இன்னொருவர் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்.

ப: இரண்டுமே தவறாக இருக்கலாம். கொஞ்சம் கணக்குப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வரிசையில் நின்ற கார்கள் நகரத் தொடங்கி ஓட்டம் பிடித்த பிறகு, ஒரு லேனில் ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒரு கார் கோட்டைக் கடக்கும். முதல் சில வண்டிகள் கிளம்புவதில் 2 விநாடி வீணாகும். ஒரு பக்கத்தை நிறுத்தி, நடுவில் இருப்பவை வெளியேறி, அடுத்த பக்கத்துக்கு வழி விடுவதற்குள் இன்னும் 3 விநாடி. ஆக ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது 5 விநாடி எந்த வண்டியும் ஓடாத வெற்று நேரம். கையால் மாற்றும்போது இது கூடுமே தவிரக் குறையாது. நான்கு பக்கமும் தனித்தனியாக விட்டால் ஒரு சுற்றுக்கு 20 விநாடி போச்சு.

ஒரு சுற்றை 60 விநாடியில் முடித்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம் வீண். பக்கத்துக்குப் பதினைந்து விநாடி மட்டும் விடுபவர் தோற்பது இங்கேதான். 120 விநாடி என்றால் வீண் ஆறில் ஒரு பங்கு. 240 விநாடி என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. பார்த்தீர்களா, 60-இலிருந்து 120-க்குப் போகும்போது லாபம் பெரிது. 120-இலிருந்து 240-க்குப் போனால் சொற்பம். அந்தச் சொற்ப லாபத்துக்கு மற்றப் பக்கங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 கார் வரும் ஒரு லேனை 3 நிமிடம் நிறுத்திவைத்தால் 30 கார் சேரும். நிற்கும் கார் ஒன்றுக்கு முன் இடைவெளியோடு சேர்த்து ஆறரை மீட்டர் என்றாலும் வரிசை 195 மீட்டர். பின்னால் 150 மீட்டரில் இன்னொரு சந்திப்பு இருந்தால் அதன் வயிற்றுக்குள் உங்கள் வரிசை போய்விட்டது. ஐந்து நிமிடக்காரர் தன் சந்திப்பை ஓட வைத்து அடுத்தவருடையதைக் கெடுக்கிறார்.

இன்னொரு கோளாறும் உண்டு. நின்றிருந்த வரிசை தீர்ந்த பிறகு வருபவர்கள் விட்டு விட்டுத்தான் வருவார்கள். இரண்டு விநாடிக்கு ஒரு கார் என்பது நான்கு, ஐந்து விநாடிக்கு ஒன்று என்று ஆகிவிடும். வண்டி வந்துகொண்டேதானே இருக்கிறது என்று கை அப்படியே நிற்கும். உண்மையில் சாலை பாதி காலி.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்: திறப்பதற்கு முன் அந்தப் பக்கத்து வரிசையில் கண்ணுக்குத் தெரியும் கடைசி வண்டியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளை வேன், ஒரு தண்ணீர் லாரி, ஏதோ ஒன்று. அது கோட்டைத் தாண்டியதும், பின்னால் முதல் இடைவெளி விழும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளியில் நிறுத்தினால் யாரும் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்காது. லேனுக்கு 12 கார் நின்றால் 26 விநாடி போதும். அடையாள வண்டி வருவதற்குள் ஒரு நிமிடம் தாண்டிவிட்டால், பரிதாபம் பார்க்காமல் வெட்டுங்கள். மீதி அடுத்த சுற்றில். டூ வீலர்கள் அதிகம் இருந்தால் இந்த 2 விநாடிக் கணக்கு நடக்காது. அவை கூட்டமாக முதல் சில விநாடிகளில் பாய்ந்துவிடும், கார்கள் பின்னால் வரும். அங்கேயும் கடைசி வண்டியை அடையாளம் வைப்பது பலிக்கும்.

கே: காவலர் வந்து நின்ற பிறகுதான் நெரிசல் அதிகமாகிறது என்கிறார்கள். இது வெறும் கேலியா, உண்மையா?

ப: சில இடங்களில் உண்மை. நிற்பவர் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். கை காட்டுபவர் பார்க்க வேண்டியது வண்டிகள் வெளியேறும் பக்கம். அந்தப் பக்கம் 30 மீட்டர்தான் காலி என்றால் லேனுக்கு நான்கு கார்தான் அனுப்பலாம். ஐந்தாவதை அனுப்பினால் அது நடுச் சந்திப்பில் நிற்கும், குறுக்கே போக வேண்டிய இரண்டு பக்கமும் அடைபடும்.

எஞ்சினை உறுமவிட்டு நூறு பேர் ஹாரன் அடிக்கும்போது முன்னால் இடமில்லை என்று அவர்களை நிறுத்திவைக்க மனத்திடம் வேண்டும். வரிசையில் இருப்பவருக்கு எதிரே இருக்கும் காலிச் சந்திப்பு மட்டும்தான் தெரியும், அதற்கு அப்பால் அடைத்திருப்பது தெரியாது. முன்னால் அடைப்பு என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு, வெளியேறும் பக்கத்தை ஒருமுறை சுட்டிக் காட்டுங்கள். ஹாரன் ஓரளவு அடங்கும்.

கே: நாலு சந்திப்பும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டால் எப்படி அவிழ்ப்பது?

ப: ஒரு கட்டடத் தொகுதியைச் சுற்றியுள்ள நான்கு சந்திப்புகளில், ஒன்றில் நிற்கும் வரிசையின் வால் அடுத்ததன் நடுவை மறித்து, அதன் வால் அதற்கடுத்ததை மறித்து, சுற்றி வந்து முதல் சந்திப்பிலேயே முடிந்தால் முழுப் பூட்டு. இதில் எந்தப் பக்கத்தைத் ‘திறந்தாலும்’ பயனில்லை, போக இடமே இல்லை. முதல் வேலை, வெளியிலிருந்து வளையத்துக்குள் வரும் எல்லாச் சாலைகளையும் நிறுத்துவது. இதற்குச் சந்திப்புக்கு ஒரு ஆளும் வயர்லெஸ்ஸும் வேண்டும். இரண்டாவது, வளையத்தை விட்டு வெளியே போகும் வழி எது காலியாக இருக்கிறதோ அந்தச் சந்திப்பில் தொடங்குவது. அங்கே நடுவில் நிற்கும் வண்டிகளை, அவை எந்தப் பக்கம் போக நினைத்திருந்தாலும், காலியான வழியில் திருப்பி அனுப்புங்கள். ஒருவர் சுற்றிப் போக நேர்ந்தால் போகட்டும். நடு காலியானதும் பின்னால் உள்ள வால் சில மீட்டர் நகரும். அதனால் முந்தைய சந்திப்பின் நடு காலியாகும். இப்படிப் பின்னோக்கியே அவிழ்க்க வேண்டும். ஹாரன் எங்கே அதிகமோ அங்கே போய் நின்றால் மணிக்கணக்காகும்.

கே: வலப்பக்கம் திரும்புகிறவர்கள்தான் பெரிய தலைவலி. எதிரே வருபவர்களையும் விட்டு, இவர்களையும் விட முடிவதில்லை.

ப: இரண்டு வழி உண்டு. திரும்புபவர்கள் இரண்டு, மூன்று பேர்தான் என்றால் அவர்களைச் சந்திப்பின் நடுவுக்கு, உங்களுக்குப் பக்கத்தில், வரவழைத்து நிறுத்திவையுங்கள். நேராகப் போகிறவர்களை நிறுத்தும் நேரத்தில், அடுத்த பக்கத்தைத் திறப்பதற்கு முன், இவர்களை அனுப்பிவிடலாம். அவர்கள் உள்ளே நிற்கும்போது நேராகப் போகும் லேனை மறிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

திரும்புபவர் கூட்டம் அதிகம் என்றால் தனி முறை கொடுத்தே ஆக வேண்டும். எதிர்ப்பக்கத்தை முழுமையாக நிறுத்திய பிறகு, ஒரு பக்கத்தை மட்டும் நேர், வலம், இடம் எல்லாவற்றுக்கும் திறந்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்தை ஒரு கை உள்ளங்கையால் பிடித்திருக்க, மறு கையால் திரும்புபவரைச் சுட்டி, அவர் போக வேண்டிய பாதையில் அப்படியே வளைத்துக் காட்ட வேண்டும். பஸ், லாரி திரும்பும்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீண்ட வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதன் பின்முனை வெளிப்பக்கமாக வீசும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு ஒதுங்க இடமிருக்காது. யூ டர்ன்காரர்களுக்கு நெரிசல் நேரத்தில் சந்திப்பில் இடமில்லை, நேராக அனுப்பிவிடுங்கள்.

கே: மின்சாரம் போய் சிக்னல் திடீரென அணைந்துவிட்டது. முதல் ஐந்து நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

ப: ஓடிப்போய் நடுவில் நிற்பதுதான் கூடாதது. விளக்கு அணைந்த சந்திப்பில் நாலு பக்கமும் தனக்கே வழி என்று நினைத்து வரும். ஓரத்தில் நின்று, ஒரு நிமிடம், ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை மாட்டுங்கள், தகவல் சொல்லுங்கள், கூடுதல் ஆள் கேளுங்கள். பிறகு ஓட்டம் குறைவான பக்கத்தின் ஓரத்திலிருந்து, விசில் ஊதி, ஒரு பக்கத்தை நிறுத்தி, நின்ற வண்டிகளின் முன்னால் நடந்து நடுவுக்கு வாருங்கள். வந்ததும் எல்லாப் பக்கத்தையும் நிறுத்தி நடுவைக் காலி செய்யுங்கள். அந்தப் பத்து, பதினைந்து விநாடி வெறுமைதான் இனி இங்கே ஒருவர் இருக்கிறார் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்கிறது. அதன் பிறகு நீளமான வரிசையைத் திறங்கள்.

விளக்கு திரும்ப எரியும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மின்சாரம் வந்ததும் கையை உதறிவிட்டு ஓரத்துக்குப் போகக் கூடாது. நீங்கள் விட்டுக்கொண்டிருந்த பக்கத்துக்கு விளக்கு சிவப்பாக இருக்கலாம். எல்லாப் பக்கத்தையும் நிறுத்தி, விளக்கு எந்தப் பக்கத்துக்குப் பச்சை காட்டுகிறதோ அந்தப் பக்கத்தையே கையாலும் திறந்து, ஒரு முழுச் சுற்று விளக்கோடு சேர்ந்து கை காட்டிவிட்டு விலகுங்கள்.

கே: சிக்னல் பெட்டியில் கையால் மாற்றும் பொத்தான் இருக்கும்போது எதற்கு வெயிலில் நின்று கை காட்ட வேண்டும்?

ப: தேவையில்லை. விளக்கு வேலை செய்கிறது, ஒரு பக்கம் மட்டும் அதிகக் கூட்டம் என்றால் பொத்தானே மேல். அடுத்த பக்கத்துக்கு மாற்றும்போது மஞ்சளும், எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவேளையும் தாமாக வந்துவிடும். கையால் செய்யும்போது அந்த இடைவேளையை நீங்களே நினைவு வைக்க வேண்டும். ஆனால் பெட்டி இருக்கும் மூலையிலிருந்து வெளியேறும் பக்கங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பார்த்துச் சொல்ல ஒருவர், அழுத்த ஒருவர். பச்சையை அழுத்திப் பிடித்துவிட்டு ஓட்டுநர் உரிமம் சோதிக்கப் போவது இந்தப் பொத்தானின் மிகப் பழைய நோய். விபத்து, பழுதான வண்டி, வி.ஐ.பி. ஊர்வலம் போன்ற சமயங்களில் கைதான்.

கே: கைக்கு முன்னால் விளக்கா, விளக்குக்கு முன்னால் கையா? எது முதலில் வந்தது?

ப: கை. ஆரம்ப விளக்குகளும் கையை நம்பித்தான் இருந்தன. லண்டனில் நாடாளுமன்றத்துக்கு அருகே 1868 டிசம்பரில் நட்ட எரிவாயு விளக்குக் கம்பத்தை ஒரு காவலர் கையால் இயக்கினார். அடுத்த மாதமே வாயு வெடித்து அவர் காயமடைந்தார். 1914 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வந்த மின்சார சிக்னலையும் ஓரத்துக் கூண்டில் இருந்தவர் சுவிட்சைப் போட்டுத்தான் மாற்றினார். ரோம் நகரின் பியாஸ்ஸா வெனேஸியாவில் வெள்ளைக் கையுறையோடு மேடையில் நின்று கை காட்டும் காவலர் அந்த ஊரின் அடையாளங்களில் ஒருவராகவே ஆகிவிட்டார்.

கே: விசில் எப்படி ஊத வேண்டும் என்று முறை உண்டா?

ப: பல நாட்டுக் காவல் துறைகளில் சொல்லிக்கொடுப்பது இது: நிறுத்த ஒரு நீண்ட ஊதல். அனுப்ப இரண்டு குறுகிய ஊதல். கவனிக்காதவரை எச்சரிக்கப் பல குறுகிய ஊதல்கள். விசில் கையைக் கவனிக்க வைப்பதற்கு மட்டுமே; கையோடு சேராத விசில் வெறும் சத்தம். உள்ளே உருண்டை உள்ள விசிலில் எச்சிலும் தூசியும் சேர்ந்து உருண்டை ஒட்டிக்கொள்ளும். உருண்டை இல்லாத வகையில் அந்தத் தொல்லை இல்லை. கழுத்தில் மாட்டும் கயிறு, இழுத்தால் கழன்றுவிடும் கொக்கியோடு இருக்கட்டும். போகிற வண்டியின் கண்ணாடி கயிற்றில் மாட்டினால் கழுத்து தப்பும்.

கே: ஆம்புலன்ஸ் சைரன் கேட்டதும் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். ஆனாலும் ஆம்புலன்ஸ் வர நேரமாகிறது.

ப: எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. ஆம்புலன்ஸ் வரிசையின் பின்னால் மாட்டியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திறப்பது சரி, முன்னால் உள்ள வரிசை வடிந்தால்தான் அது வரும். ஆனால் அந்த வரிசை போய்ச் சேரும் இடத்தை யார் காலி செய்வது? முதலில் எல்லாப் பக்கமும் நிறுத்தம். நடு காலி. ஆம்புலன்ஸ் வெளியேறும் பக்கத்தில் உள்ளவர்களை ஓரம் ஒதுங்கி நகரச் சொல்லுங்கள். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வரும் பக்கத்தை மட்டும் திறங்கள். சைரன் கட்டடங்களில் பட்டு எதிரொலிக்கும் இடங்களில் காது ஏமாற்றும். சுழல்விளக்கைக் கண்ணால் பார்க்கும் வரை எந்தப் பக்கத்தையும் திறக்காதீர்கள். ஒன்று போனதும் கையை இறக்குமுன் பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பாருங்கள். தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை.

கே: பள்ளி வாசலில் குழந்தைகளைச் சாலை கடக்க வைக்கும் தொண்டர் நான். வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டா?

ப: உங்கள் இடத்துச் சட்டத்தைப் பொறுத்தது. பல நாடுகளில் காவலரும், முறையாக அனுமதி பெற்ற பள்ளிக் கடவைக் காவலரும் காட்டும் கைக்குத்தான் ஓட்டுநர் கட்டுப்பட வேண்டும். அனுமதி, ஜாக்கெட், கையில் பிடிக்கும் நிறுத்தப் பலகை மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். அனுமதி கிடைக்கும் வரை உங்கள் வேலை குழந்தைகளை நிறுத்துவது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கடக்க வைக்கும் கணக்கு: நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று கொண்டால் 15 மீட்டர் அகலச் சாலைக்கு 12, 13 விநாடி. சிறு குழந்தைகளும் முதியவர்களும் விநாடிக்கு 0.9 மீட்டர் என்றால் 17 விநாடி. கூட்டமாகப் போனால் கடைசிக் குழந்தை கிளம்பவே சில விநாடி ஆகும். ஆகவே இருவர் இருவராகச் சிதற விடாமல், சேர்த்துவைத்து, அகலமான வரிசையாக ஒரே முறை அனுப்புங்கள். நீங்கள் முதலில் இறங்கி, கடைசியில் ஏற வேண்டும். நின்ற காரை முந்திக்கொண்டு அதன் மறைவிலிருந்து வெளிப்படும் டூ வீலர்தான் இங்கே பெரிய ஆபத்து. கடவையின் நடுவில் நிற்காமல், அந்த மறைவு முடியும் இடத்தில், அதாவது நின்ற காரின் வெளி ஓரத்தில் நின்று பாருங்கள். பார்வையற்றவர் வந்தால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். “வண்டிகள் நின்றுவிட்டன, இப்போது போகலாம்” என்று வாயால் சொல்லுங்கள்.

கே: இரவிலும் மழையிலும் எங்களைப் பார்க்கவே இல்லை என்கிறார்கள் ஓட்டுநர்கள்.

ப: உண்மையாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். ஜாக்கெட்டின் பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணி பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரால் ஒளிர்வது; இருட்டில் அதனால் பயனில்லை. இரவில் வேலை செய்வது வெள்ளிப் பட்டை. அது ஹெட்லைட் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. இத்தகைய உடைகளுக்கான ஐஎஸ்ஓ 20471 என்ற சர்வதேசத் தரத்தின் உச்ச வகுப்புக்கு 0.80 சதுர மீட்டர் பளிச்சிடும் துணியும் 0.20 சதுர மீட்டர் பட்டையும் வேண்டும், பட்டையின் அகலம் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கையில்லாத மேல்சட்டை மட்டும் போட்டால் நீங்கள் தெரிவீர்கள், உங்கள் கை தெரியாது. கை காட்டுவதுதானே வேலை! ஆகவே மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் பட்டை, அல்லது பட்டை வைத்த கையுறை. அழுக்கும் அடிக்கடி துவைத்த தேய்வும் பட்டையைக் கொல்லும். செல்போன் டார்ச்சைக் கண்ணருகே பிடித்து ஜாக்கெட்டைப் பாருங்கள், வெள்ளையாகப் பளிச்சிடவில்லை என்றால் மாற்றுங்கள்.

சிவப்பு ஒளிக்கோல் இருந்தால் நிறுத்துவதற்கு அதைக் கிடையாகப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். வேகமாக ஆட்டினால் ‘சீக்கிரம் வா’ என்று படிக்கிறார்கள். டார்ச்சை ஓட்டுநர் கண்ணில் அடிக்காமல், அவர் முன்னால் சாலையில் ஒளி வட்டத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். தெருவிளக்குக்கு நேர் கீழே நில்லுங்கள். இரு பக்கத்து ஹெட்லைட்டுகளுக்கு நடுவில் நிற்பவர் எதிர் வெளிச்சத்தில் கரைந்துபோவார், ஈரச் சாலையில் இன்னும் மோசம். காலையிலும் மாலையிலும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கம்தான் பகலின் இருட்டு. அந்தப் பக்கத்து ஓட்டுநருக்கு நீங்கள் வெறும் நிழல். அவரைக் கூடுதல் தூரத்திலிருந்தே, விசிலோடு நிறுத்துங்கள்.

கே: பெரிய சந்திப்பில் இரண்டு பேர் நிற்கிறோம். சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறோம்.

ப: ஒருவர்தான் தலைமை. எல்லாப் பக்கமும் தெரியும் இடத்தில் நிற்பவர் அவராக இருக்க வேண்டும். மற்றவர் தலைமைக்காரர் நிறுத்தினால் நிறுத்தி, திறந்தால் திறப்பவர் மட்டுமே. உங்களுக்குள் பேசிக்கொள்ளும் சைகை ஓட்டுநருக்கான சைகை போல இருக்கக் கூடாது: தலையில் கை வைப்பது, தொப்பியைத் தொடுவது போல ஏதாவது. ‘வா’ என்று சக காவலரை அழைத்ததும் நாலு ஆட்டோ கிளம்பிவிடும்.

கே: ஒரு கையில் போன் பேசிக்கொண்டே மறு கையால் காட்டினால் என்ன?

ப: ஒரு பக்கத்தை நிறுத்திய கை எங்கே போகும்?

கே: நாலு மணி நேரம் நின்றால் கால் வீங்குகிறது, தோள் வலிக்கிறது, காதில் இரைச்சல். முகக்கவசம் போட்டும் தொண்டை எரிகிறது.

ப: அசையாமல் நிற்பதுதான் காலுக்குப் பகை. கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் கீழே தங்கும் ரத்தம் மேலேறும். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நரம்பு புடைப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு அழுத்தக் காலுறை போடலாம். காலணி மெல்லிய தோல் அடியாக இல்லாமல் தடித்த ரப்பர் அடியாக இருக்கட்டும். வெயிலில் தார் கொதிக்கும்.

தோள் வலிக்குப் பெரிய காரணம் ஒரே கையை நம்புவது. நிறுத்தும் கையையும் அனுப்பும் கையையும் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள்.

காதுக்கு: 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் என்பது வேலையிடத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. சொந்த விசில் சொந்தக் காதுக்கு மிக அருகில் ஒலிக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. நுரை அடைப்பான் போட்டாலும் சைரனும் ஹாரனும் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்கும் வகை கிடைத்தால் அது இன்னும் நல்லது.

துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும், புகையின் நுண்துகளைத் தடுக்காது. என்95 வகைக் கவசம் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை அதுவும் தடுக்காது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் கவசத்தை இறுக்கிப் பயனில்லை, இடத்தை விட்டு விலகிக் காற்றோட்டத்துக்குப் போக வேண்டும். வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 200 முதல் 250 மி.லி. தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல். சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே இருப்பவர்கள், குறிப்பாகப் பெண் காவலர்கள், நிறைய. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிவிட ஆள் போடுவது மேலதிகாரியின் கையில் இருக்கிறது.